கயல்விழிக்குக் கண் வந்த கதை

புதுப் புத்தகத்தின் அட்டையை நான் திருப்புவதற்கு முன்பே அக்கா கேட்டுவிடுவாள்.

"இதுல குருடு, நொண்டி, ஊமை யாராச்சும் இருக்காங்களாடி?"

"இருக்காங்கக்கா. ஹீரோவோட தங்கச்சிக்குக் கால் வராது."

"கடைசியில செத்துருவாளா, நடந்துருவாளா?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி அந்தப் புத்தகங்களில் கிடையாது. "நடந்துட்டாக்கா" என்றால் தலையில் அடித்துக்கொள்வாள். "செத்துட்டாக்கா" என்றால், "எழுதுனவனுக்கு வீட்டுல ஏதோ அவசர வேலை போல இருக்கு, சீக்கிரமா முடிச்சிட்டான்" என்பாள். இவ்வளவும் பேசிவிட்டு, "சரி, மொதல்லேர்ந்து படி" என்று சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். காதல் கதை என்றால் அக்காவுக்கு உயிர். முடிவு மட்டும்தான் ஆகாது.

அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால், "என் பேரை வெச்சுப் பொழைக்கிறியா, பங்கு குடு" என்று கடலூர் செம்மண்டலத்திலிருந்து கிளம்பி வந்துவிடக்கூடிய ஆள். சிதம்பரத்தில் நான் படித்த காலேஜின் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன், அவளும் அங்கேதான் ஏறுவாள். மீட்டர் கேஜ் பாசஞ்சர் ஓடிய கடைசிக் காலம் அது. ஒருநாள் என் கையில் மாத நாவல் இருப்பதை, பஜ்ஜி மடித்துக் கொடுக்கிற தாள் மாதிரியான அதன் வாசனையை வைத்துக் கண்டுபிடித்து, "என்ன கதை?" என்றாள். அன்றிலிருந்து நான் படிக்க, அவள் கேட்க என்று ஆகிவிட்டது.

வாசனையை வைத்துக் கண்டுபிடித்தாள் என்றதும் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை, மூக்கு கூர்மை, ஞாபகசக்தி அபாரம் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "எவன் சொன்னான்? நேத்து குக்கர் விசில் கேக்காம பருப்பு அடிப்புடிச்சிப் போச்சு. வந்து தேய்ச்சுக் குடுக்கச் சொல்லு அவனை." ஞாபகசக்தியும் அப்படித்தான். பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் கேட்டவருக்கு ஹாஸ்டல் மெஸ்ஸைப் போட்டுவிடுவாள். ஒரு பேராசிரியர் நேரில் வந்தே கத்தினார். "சார், அங்கயும் சூடாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்" என்றாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போனார்.

அக்காவை அறியாதவர்கள் ரயிலில் அவளுக்காக எழுந்து இடம் கொடுப்பார்கள். அதோடு நிறுத்தமாட்டார்கள். ஒரு தடவை சபாரி சட்டை போட்ட பெரியவர் ஒருவர், இடம் கொடுத்த கையோடு, சன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை வயலையும் கொக்கையும் வானத்தையும் ஒவ்வொன்றாக அவளுக்கு வர்ணித்துக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார், அப்படியே வெளிய கடலைக்காரன் வர்றானான்னு பாத்துச் சொல்லுங்க, பசிக்குது" என்றாள்.

பெண் பார்க்க வந்தவனிடமும் இதே கதைதான். நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை, காபியை வைத்துவிட்டு, "எதுவும் வேணாம் மாமா. இந்தப் பொண்ணுக்கு ஒரு வாழ்க்கை குடுக்கணும்னு வந்திருக்கேன்" என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து அக்கா, "எனக்கு ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குங்க, ரெண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லையாம். "ஒரு வாரம் நிம்மதியா ரேடியோ கேட்டேன்" என்று ரயிலில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றைக்குக் கதை படிக்க வேண்டாம் என்றுவிட்டாள்.

எங்கள் பெட்டியில் நான் படிப்பதைக் கேட்க இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள். அதில் முக்கியமானவள் அஞ்சலை. துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு முதுநகரில் ஏறுவாள், சிதம்பரத்தில் விற்றுவிட்டுத் திரும்புவாள். கதவோரம் கூடையை வைத்துவிட்டு, கூடை மேலேயே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, எங்கள் சீட்டுக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். போன் வேலை பார்ப்பதால் அக்காவை அவள் கூப்பிடுவது போனம்மா என்று. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம் அது. அஞ்சலை வீடு போய்த் தகர ஷெட்டில் இருந்தாள். வீட்டைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. கதையில் யாராவது சாகப்போகிற மாதிரி தெரிந்தால் மட்டும், "நிறுத்து, நிறுத்து. கதையிலயும் சாவடிக்கணுமா? வேற படி" என்பாள். அந்த விஷயத்தில் அவளும் அக்காவும் ஒரே கட்சி.

எனக்குத்தான் தர்மசங்கடம். காதல் காட்சி வந்தால் இத்தனை பேர் முன்னால் எப்படிப் படிப்பது? இரண்டு வரியை மென்று விழுங்கிவிட்டு அடுத்த பாராவுக்குத் தாவுவேன்.

"எதையோ முழுங்கிட்டடி" என்பாள் அக்கா.

"இல்லக்கா."

"அவன் கைய புடிச்சான். ஒடனே கேண்டீன்ல காபி குடிக்கிறான். நடுவுல என்ன ஆச்சு?"

"ஆமாம்மா பொண்ணு, நடுவுல என்னா ஆச்சு?" என்று அஞ்சலையும் சேர்ந்துகொள்வாள். "நாங்க இன்னா சின்ன புள்ளைங்களா? மூணு பெத்தவ நானு. நீ படி." காது சிவக்க நான் படிப்பேன். எதிர் சீட்டு கிளார்க் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார். பேப்பரை அதன்பிறகு அவர் திருப்பவே மாட்டார்.

புத்தகம் எழுதுகிற யோசனை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்றைக்குப் படித்த நாவலில் கண் தெரியாத கதாநாயகி. காலேஜ் மாணவி, பாட்டுப் பாடுவாள் (கதையில் வருகிற கண் தெரியாத பெண்கள் எல்லோரும் பாடுவார்கள். அக்கா பாடினால் பெட்டியே காலியாகிவிடும்). கடைசி அத்தியாயத்தில் ஆபரேஷன். கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்ப்பது கதாநாயகன் முகத்தை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு நாளா அவனை எதை வெச்சு லவ் பண்ணிக்கிட்டிருந்தா? மூஞ்சியப் பாத்தப்புறம்தான் ஒத்துக்குவாளாமா? மூஞ்சி நல்லா இல்லாட்டி? ஆபரேஷனை வாபஸ் வாங்குவாளா?" பிறகு சட்டென்று, "நாமளே ஒண்ணு எழுதுவோம்டி. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

சிரிக்காதீர்கள், எழுதினோம். ஆடுகிற ரயிலில் எழுதியதால் என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதை நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் படிக்க, அக்கா ஆபீஸ் தமிழ் டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டே போவாள். டைப்பிங்கில் அவள் வேகம். ஆனால் நடுவில் போன் வந்தால் எடுப்பாள், அப்புறம் எந்த வரியில் விட்டோம் என்று இருவருக்கும் தெரியாது. அப்படித்தான் கதாநாயகன் ஒரே அத்தியாயத்தில் இரண்டு தடவை சாப்பிட்டான்.

கதாநாயகிக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தாள். நான் தயங்கினேன். "ஏன், கண்ணு தெரியாட்டி கயல்விழின்னு பேரு வெக்கக்கூடாதா? பாக்குறவனுக்குத்தானே அழகா தெரியணும்?" கயல்விழிக்குப் பாட்டு வராது. கோபம் வரும். பொய் சொல்வாள். பரீட்சையில் ஒரு பேப்பரில் ஃபெயில் ஆவாள், அதுவும் கண்ணால் அல்ல, படிக்காததால். கதாநாயகன் டெலிபோன் லைன்மேன். குறட்டை விடுவான். அவளுக்காகத் தியாகம் எதுவும் செய்யமாட்டான். மழையில் கம்பம் ஏறினால் திட்டிக்கொண்டே ஏறுவான். அவனை அவளுக்கு எப்படிப் பிடித்தது என்று நான் கேட்டேன். "லைன் ரிப்பேர்னு போன் பண்ணா, வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வர்றான்டி. அப்படி ஒருத்தனை நீ பாத்திருக்கியா?" என்றாள்.

கதாநாயகனுக்கு ஒரு தங்கை இருக்கட்டும் என்று சொன்னது நான். பெயர் தமிழ்ச்செல்வி. ஹாஸ்டலில் அவளுக்கு ரோசி என்று ஒரு தோழி. இரண்டு பேரும் சேர்ந்து படிப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். ரோசிக்குக் காய்ச்சல் வந்தால் செல்வி பரீட்சைக்குப் போகமாட்டாள். எழுத எழுத எனக்கே தெரியாமல் அவர்கள் பக்கம் பக்கமாக வளர்ந்தார்கள். ஏனென்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி இருந்தாள். அவள் வராத நாளில் எனக்கு காலேஜே பிடிக்காது. அவளும் என்னைப் போலத்தான் என்று ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொல்லியிருந்தாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் படித்த அத்தனை நாவலிலும் எங்களைப் போல இருவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார்கள், அதில் ஒருத்தி நூறாம் பக்கத்துக்குள் கிணற்றில் விழுந்துவிட்டாள்.

"இவளுங்க ரெண்டு பேரும் தோழிங்களா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். ரயில் ஆலப்பாக்கத்தில் நின்றிருந்தது.

"இல்லக்கா... அதுக்கும் மேல."

"அப்படியா. அப்ப வீடு வேணுமே. எங்க இருப்பாளுங்க?"

"சேத்தியாத்தோப்பு" என்று வாயில் வந்துவிட்டது.

"அங்க ஏன்?"

"சும்மா. கதைக்குத்தானே."

"சரி. ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சுக் குடுத்துடுவோம். பொழைக்கணுமில்ல" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி அத்தியாயத்தில் கயல்விழிக்கும் லைன்மேனுக்கும் கல்யாணம். செல்வியும் ரோசியும் சேத்தியாத்தோப்பில் வீடு எடுக்கிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள். யாருக்கும் ஆபரேஷன் இல்லை, யாரும் சாகவில்லை. இதைச் சென்னையில் மாத நாவல் போடுகிற ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினோம். தொடர்புக்கு காலேஜ் போன் நம்பரைக் கொடுத்திருந்தாள் அக்கா.

அங்கிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எடிட்டர் அக்காவின் பெயரைச் சொல்லி, "இந்த எழுத்தாளர் அங்க இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா முகம் மாறவில்லை. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், ரொம்ப பிசியா இருப்பாங்க, பாக்குறேன்" என்று சொல்லி ஹோல்டில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எடுத்து, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குழைந்த குரலில், "வணக்கம், நான்தான் பேசுறேன்" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

கதை அவருக்குப் பிடித்திருந்தது. போடுகிறோம் என்றார். மறுநாள் ரயில் பெட்டி முழுக்க அக்கா மிட்டாய் கொடுத்தாள். அஞ்சலைக்கு ஏகப்பட்ட சந்தோஷம், "எங்க போனம்மா பொஸ்தகம் போட்டுட்டாங்க" என்று டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு அவளிடம் கூடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் அம்மா, மாப்பிள்ளை விஷயத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், செம்மண்டலம் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். அக்கா அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை. தன் பெயர் அச்சில் எந்த இடத்தில் வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்று விரலால் சீட்டில் அளந்து காட்டச் சொன்னாள்.

அடுத்த வாரம் எடிட்டர் மறுபடி கூப்பிட்டார். அப்போது நான் வகுப்பில் இருந்தேன். சாயங்காலம் ஸ்டேஷனில் அக்கா சொன்னாள்.

"கதை நல்லாருக்காம். ஆனா முடிவு ஒத்து வராதாம்."

"எந்த முடிவு?"

"ரெண்டு முடிவும். 'ஹீரோயின் கடைசி வரைக்கும் குருடாவே இருக்கா, அந்தப் பொண்ணுங்க ரெண்டும் கல்யாணம் கட்டாம ஒண்ணா இருக்குதுங்க. ரெண்டும் ஒரே பொஸ்தகத்துல வந்தா லேடீஸ் வாசகருங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. ஒண்ணை வேணா நான் சமாளிக்கிறேன். இன்னொண்ணை மாத்துங்க'ன்றான். ஹீரோயினுக்கு ஆபரேஷன் பண்ணு. இல்ல, அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்குக் கல்யாணம் பண்ணு, வேணாம்னா காய்ச்சல்ல போயிடட்டும். மாத்தாட்டி போடமாட்டானாம்."

எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஆபரேஷன் என்ற வார்த்தையையே காதில் வாங்காத ஆள் அக்கா. கயல்விழி அவளேதான். தன் கண்ணில் கை வைக்க விடுவாளா? ரோசிக்குத்தான் காய்ச்சல் வரப்போகிறது. "அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்கக்கா" என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. கெஞ்சினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் நான் என்ன சொல்வது?

"திருப்பி வாங்கிடலாமாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டாங்களேடி" என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்ட ஒரே இடம் அது. "நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

அவள் எப்போது மாற்றினாள், எப்படி மாற்றினாள் என்று எனக்குத் தெரியாது. டைப்ரைட்டர் பக்கம் என்னைக் கூப்பிடவே இல்லை. போனிலேயே அந்த எடிட்டருக்கு முழு அத்தியாயத்தையும் சொல்லி எழுத வைத்துவிட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. நானும் கேட்கவில்லை. சேத்தியாத்தோப்புக்காரி, "ஏன் உம்முன்னு இருக்க?" என்று கேட்டபோது, பரீட்சை பயம் என்றேன். ஒரு மாத நாவலில் வருகிற, நானே இட்டுக்கட்டிய ஒரு பெண் சாகப் போகிறாள் என்பதற்காக இரவெல்லாம் அழுதேன் என்று எப்படிச் சொல்வது? அப்போதுதான் அக்காவின் கோபம் எனக்கு முழுசாகப் புரிந்தது. கடைசிப் பக்கத்தில் தன்னை மாதிரி ஒருத்தியைத் தீர்த்துக்கட்டும்போது எப்படி இருக்கும் என்று அவள் சின்ன வயதிலிருந்தே தெரிந்து வைத்திருந்தாள்.

இங்கே கொஞ்சம் தள்ளிப்போய் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும். பின்னாளில் அகல ரயில் பாதை வந்து, நான் வேலைக்காக ஊரைவிட்டுப் போய், 2012-இல் ஒருமுறை கடலூர் வந்தபோது அதே தடத்தில் அக்காவோடு போனேன். அப்போது அவள் கையில் பேசுகிற செல்போன். யார் அனுப்பிய மெசேஜையும் அது வெள்ளைக்காரன் உச்சரிப்பில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி படித்தது. வீட்டுக்காரர் "தக்காளி வாங்கி வா" என்று ஆங்கில எழுத்தில் அனுப்பியதை அது படித்த விதத்தைக் கேட்டு ஒரு குழந்தை பயந்து அழுதது. ஆம், வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை, குறட்டை விடுவார் என்று கேள்வி. "ஊனமுற்றோர்னு இப்பல்லாம் சொல்றதில்லையாமே, மாற்றுத்திறனாளின்னு சொல்லணுமாமே அக்கா" என்றேன். "ஆமாண்டி, கதையிலயும் மாறிடுச்சு. முன்னெல்லாம் குருடியை மலையிலேர்ந்து தள்ளி விடுவாங்க. இப்ப மாற்றுத்திறனாளியை மரியாதையா தள்ளி விடுறாங்க" என்றாள். ஏழு வருஷத்தில் அவள் எந்த முடிவையும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை.

அதனால்தான் அந்தப் புத்தகம் வந்த நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியது. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், பின்னால் ரோஜாப்பூ. அக்காவின் பெயர் ரோஜாவுக்குக் கீழே இருந்தது. வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அக்கா அதைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவி, "எங்க?" என்றாள். அவள் விரலைப் பிடித்துப் பெயர் மேல் வைத்தேன். முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போய், திரும்பி வந்தாள்.

முதுநகரில் அஞ்சலை ஏறியதும், "படி. பெட்டியே காத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

முதல் அத்தியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், ரயிலில் எழுதியவைதானே. "நேரா கடைசிக்குப் போ" என்றாள் அஞ்சலை. ரோசி எந்த வரியில் படுப்பாள் என்று தேடிக்கொண்டே படித்தேன். பரங்கிப்பேட்டை தாண்டியது. கயல்விழியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். யாரையோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் வருகிறார். கயல்விழியின் கண்களைச் சுற்றியிருந்த கட்டைப் பிரிக்கிறார்.

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்நேரம் ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. தடதடவென்ற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. பாலம் முடிகிற வரைக்கும் நான் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளிப்பக்கம் முகத்தை வைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

பாலம் முடிந்ததும், "ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள்.

"'டாக்டர்... எனக்குப் பார்வை தெரிகிறது' என்று கயல்விழி கூவினாள்" என்று படித்தேன்.

எதிர் சீட்டு கிளார்க் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"யம்மா போனம்மா!" என்று அஞ்சலைதான் முதலில் கத்தினாள். "நீயே இப்படிப் பண்ணிட்டியே! கதையில எவன் ஆபரேஷன் பண்ணாலும் அந்தத் திட்டு திட்டுவியே!"

"அவ படிக்கட்டும், இரு" என்றாள் அக்கா.

மிச்சம் ஒரு பக்கம்தான் இருந்தது. அதில் செல்வியும் ரோசியும் சேத்தியாத்தோப்பில் வீடு எடுத்திருந்தார்கள். நாங்கள் எழுதியது அப்படியே இருந்தது, ஒரு வார்த்தை குறையவில்லை. பால் பொங்கி வழிகிறது. ரோசிக்குக் காய்ச்சல் இல்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறார்கள். 'இனி இது நம் வீடு' என்று செல்வி சொல்வதோடு கதை முடிகிறது. அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

அஞ்சலை எழுந்து கூடையைப் பார்க்கப் போனதும் அக்காவின் பக்கம் குனிந்தேன். "ஏன்க்கா? உங்க கயல்விழியைப் போய்..."

"ரெண்டுல ஒண்ணுதான்னானே. என்ன பண்ணச் சொல்ற?" என்றாள் மெதுவாக. "கண்ணு வந்ததால கயல்விழி செத்துடலடி. கெட்டுப் போயிட்டா, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு செத்தா செத்ததுதான். இன்னொண்ணு, என்னை மாதிரி ஆளைப் பாக்கணும்னா இந்த ரயில்ல ஏறுனாப் போதும். அவளுங்களைப் பாக்கணும்னா ஒரு பொண்ணு எங்கடி போவா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்காகத்தான் செய்தாள் என்று தெரிந்தது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவில்லை. கிள்ளையில் ரயில் நின்று கிளம்பியது.

அஞ்சலை திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆபரேஷன் கோபம் அவளுக்கு அதற்குள் ஆறியிருந்தது. வேறு ஏதோ யோசனை.

"ஏம்மா பொண்ணு, அந்த ரெண்டு பொண்ணுங்க சேத்தியாத்தோப்புலயா வீடு எடுத்துதுங்க?"

"ஆமா" என்றேன். அடுத்து என்ன கேட்பாளோ என்று புத்தகத்தை மூடிக்கொண்டேன்.

"அங்க கடல் மீனு நல்லதா வராதே. வெறும் ஏரி மீனைத் தின்னுக்கினு எப்படிக் குடும்பம் நடத்துவாளுங்க?"

பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. கிளார்க்கும்கூட, "அதானே, அங்க விரால்தான் கிடைக்கும்" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். அக்காவின் பிடி என் கையில் இறுகியது.

"அவளுக்கு வஞ்சிரம்னா ரொம்பப் புடிக்கும்க்கா" என்றேன்.

செல்விக்கா ரோசிக்கா என்று அக்கா கேட்கவில்லை. அஞ்சலை இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"அஞ்சலை, நாளைக்கு வஞ்சிரத்துல நல்ல நடுத்துண்டா ரெண்டு தனியா எடுத்து வை. இந்தப் பொண்ணு வறுத்து எடுத்துக்கிட்டுப் போவா."

"ரெண்டு எதுக்கு? இது ஒத்தை ஆளுதானே?"

"இல்ல. இவுங்க ரெண்டு பேரு" என்றாள் அக்கா.